அம்மாவை எடுத்துவிடுங்கள்

1

போன மாதம் ஒரே வாரத்தில் இரண்டு நாடகக்காரர்கள் என்னைக் கூப்பிட்டார்கள். முதல் ஆள் நாடகக்காரி என்பது நேரில் போகும்வரை எனக்குத் தெரியாது.

என் அண்ணன் அந்துவான் மாதம் ஒருமுறை இங்கே ஒரு மனநல மருத்துவ நிலையத்துக்குப் போய், பரிசோதனைக்கு இரத்தம் கொடுத்துவிட்டு மாத்திரை வாங்கி வருவான். அங்கிருந்து ஒரு பெண் தொலைபேசியில் பேசினாள். "உங்கள் அண்ணனுடைய பியேஸ் பற்றிப் பேச வேண்டும். வியாழக்கிழமை இரண்டு பேரும் வாருங்கள்" என்றாள்.

இந்த நாட்டில் பியேஸ் என்றால் எனக்குத் தெரிந்த அர்த்தம் ஒன்றுதான். விண்ணப்பத்தோடு இணைக்க வேண்டிய ஆவணம். பாரிஸுக்கு வடக்கே இந்தப் புறநகரில் ஒன்பது வருடமாக இருக்கிறேன். அதில் ஏதாவது ஒரு பியேஸ் குறைகிறது என்று திருப்பி அனுப்பப்பட்ட நாட்களைத் தனியாகச் சேர்த்தால் ஒரு வருடம் தேறும். என் பெயர் லூர்து மேரி. இதில் எது குடும்பப் பெயர், எது சொந்தப் பெயர் என்று, அடையாள அட்டை கொடுக்கிற பிரிஃபெக்தூர் அலுவலகத்தில் ஒவ்வொரு ஜன்னலும் ஒவ்வொரு விதமாக முடிவு செய்திருக்கிறது. ஒரு அட்டையில் நான் மதாம் மேரி, இன்னொன்றில் மதாம் லூர்து. இரண்டு மதாமும் ஒரே பெண்பிள்ளைதான் என்பதற்கு ஒரு தனிச் சான்றிதழ் வைத்திருக்கிறேன். அதையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

வியாழக்கிழமை அண்ணனையும் காகிதக் கட்டையும் கூட்டிக்கொண்டு போனேன். பிறப்புச் சான்றிதழ், ஞானஸ்நானச் சான்றிதழ், பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக இருந்து செத்துப்போன எங்கள் அப்பாவின் பென்ஷன் புத்தக நகல் என்று எல்லாவற்றையும் மேஜைமேல் பரப்பினேன். அந்தப் பெண் அங்கே ஆலோசகர். முப்பது வயதிருக்கும். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "இல்லை மதாம், நான் சொன்னது நாடகம்" என்றாள்.

நாடகத்துக்கும் பியேஸ் என்றுதான் பெயராம். அங்கே வருகிற நோயாளிகள் எல்லாரும் சேர்ந்து, தங்கள் நோயைப் பற்றித் தாங்களே ஒரு நாடகம் உண்டாக்கப் போகிறார்களாம். கூட்டாக.

எனக்கு அங்கே உட்காரப் பிடிக்கவில்லை. ஏன் என்று சொல்வதற்கு முன்னால் இரண்டாவது அழைப்பைச் சொல்லிவிடுகிறேன்.

2

அது புதுச்சேரியிலிருந்து தபாலில் வந்தது. பத்து வருடத்துக்கு முன் நாங்கள் போட்ட 'நேரம் தவறிய சங்கு' என்ற நாடகத்துக்குப் பத்தாம் ஆண்டு மலர் கொண்டுவருகிறார்கள். அதில் பங்கேற்ற நான் பிரான்சிலிருந்து வாழ்த்துரை அனுப்ப வேண்டும். ஒரு பக்கத்துக்கு மிகாமல், புகைப்படத்தோடு. கையெழுத்து: ஞானசேகரன், இயக்குநர். நான் எந்தத் திசையில் வாழ்த்த வேண்டும் என்பதற்கு வழிகாட்டியாக மலரின் முன்னுரையையும் இணைத்திருந்தார். "மனநோயாளிகளிடையே நீண்ட கள ஆய்வு மேற்கொண்டு, குழுவினர் அனைவரும் சமமாகப் பங்களித்து உருவாக்கிய கூட்டுப் படைப்பு" என்று அதில் இருந்தது.

அந்தக் களத்தில் இருந்தது ஒரே ஒரு நோயாளி, என் அண்ணன். ஆய்வு என்பது அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்துப் பேச வைத்தது. சமமான பங்களிப்பைப் பற்றிக் கீழே சொல்கிறேன். மலரில் இதைப் போட மாட்டார்கள் என்பதால் இந்தப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன்.

அந்துவான் மில்லில் டைம் ஆபீஸ் கிளார்க்காக இருந்தான். கணக்கு சுத்தம், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். இருபத்தேழாவது வயதில் அவனுக்குத் தூக்கம் நின்றது. ஐந்தாறு நாள் கண்ணை மூடவில்லை, களைப்பும் இல்லை. பேச்சு மழையாகக் கொட்டியது. குருசுக்குப்பத்தில் எங்கள் தெருவில் வீடு வீடாகப் போய், பிரெஞ்சு நேஷனாலிட்டி உள்ளவர்களுக்கெல்லாம் பாரிஸ் நேரம்தான் செல்லும் என்று விளக்கினான். ஏழாம் நாள் காலை பத்தரை மணிக்கு மில் சங்கைப் பிடித்து ஊதிவிட்டான். பாரிஸில் அப்போதுதான் ஆறு மணியாம். முதல் ஷிப்டே இனிமேல்தான் தொடங்குகிறது, எல்லாரும் வீட்டுக்குப் போய்த் தூங்கி எழுந்து வாருங்கள் என்று ஷெட் வாசலில் நின்று கத்தினான். பாதிப் பேர் தறியை நிறுத்திவிட்டுச் சந்தோஷமாகக் கிளம்பிப் போய்விட்டார்கள்.

வேலை போனது. மறுநாள் அவன் கடலில் நடந்தே பிரான்சுக்குப் போகக் கிளம்பினான். அம்மாவும் நானும் பக்கத்து வீட்டு ஆண்களும் சேர்ந்து அவனைப் பெஞ்சோடு சேர்த்துக் கட்டினோம். இரண்டு நாள் அப்படியே கிடந்தான். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டினாள். அவன் அவள் முகத்தில் துப்பினான். அவள் முந்தானையால் துடைத்துக்கொண்டு மறுபடி ஊட்டினாள். அதற்குப் பிறகுதான் ஆஸ்பத்திரி, டாக்டர், லித்தியம் மாத்திரை எல்லாம். ஒரேயடியாக மேலே ஏறுவதும் ஒரேயடியாகக் கீழே விழுவதும் இந்த நோயின் குணம், மாத்திரையை மட்டும் ஒருநாளும் நிறுத்தக்கூடாது என்று டாக்டர் சொன்னார். நிறுத்தவில்லை. ஒன்றரை வருடம் நன்றாக இருந்தான். நாலு பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தான். கொஞ்சம் மந்தமாக, கொஞ்சம் பருமனாக, அமைதியாக இருந்தான்.

3

ஞானசேகரன் பாரிஸில் எட்டு மாதம் ஏதோ ஒரு நாடகப் பட்டறையில் இருந்துவிட்டு ஊர் திரும்பியிருந்தார். போகும்போது டெரிலின் சட்டையில் போனவர், வரும்போது கதர் ஜிப்பாவில் வந்தார். ஏழை நாடகம், மக்கள் நாடகம் என்று பேசுவார். முத்தியால்பேட்டையில் அவர் அப்பாவுக்குச் சாராயக் கிடங்கு இருந்தது. ஒத்திகை அதன் மாடியில்தான். ஏழைகளின் துயரத்தை நாங்கள் அலசிக்கொண்டிருக்கும்போது கீழேயிருந்து சாராய வாடை ஏறி வரும். அது யாருக்கும் உறுத்தவில்லை. எனக்கும்தான்.

எழுதி வைத்த வசனத்தை ஒப்பிப்பது பழைய முறை, எல்லாரும் சேர்ந்து உண்டாக்குவதே புது முறை என்றார். எதைப் பற்றி உண்டாக்குவது என்று இரண்டு வாரம் பேசினார்கள். வேலையில்லாத் திண்டாட்டம், வரதட்சிணை என்று ஆரம்பித்து, கடைசியில் ஊரே சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்த சங்குக் கதைக்கு வந்தார்கள். ஒரு நாள் மாலை ஞானசேகரன் பிஸ்கட் பொட்டலத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். அண்ணன் உடனே சரியென்றான். ஒன்றரை வருடமாக அவனிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. நான் வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்ட். பேசுவதையெல்லாம் எழுதிக்கொள்ளவும், பின்னாலிருந்து வசனம் எடுத்துக் கொடுக்கவும் என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். குழுவில் ஒரே பெண் நான்.

முதல் வாரங்கள் சப்பென்று இருந்தன. அண்ணன் கேட்டதற்குப் பதில் சொல்வான். "தூக்கம் வரல. சங்கு ஊதினேன். கட்டிப் போட்டாங்க" என்பான். அவ்வளவுதான்.

"இவர் தகவலா சொல்றாரு. அனுபவமா வரமாட்டேங்குது" என்று ஞானசேகரன் நெற்றியைத் தேய்த்தார்.

அண்ணன் வேடம் கட்ட இருந்தவன் கலியபெருமாள், பாங்க்கில் வேலை. அண்ணன் கீழே போனபோது அவன் என்னிடம் வந்தான். "மேரி, தப்பா எடுத்துக்காத. அந்த மாத்திரதான் ஆள டல்லாக்குது. ஒரு மாசம் கொஞ்சம் கொறச்சா இன்னாவாம்?"

நான் ஞானசேகரனைப் பார்த்தேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அது உங்க வீட்டு விஷயம். நான் எதுவும் சொல்லல" என்றார்.

இந்த வாக்கியத்தை நான் இங்கே பல அலுவலகங்களில் கேட்டிருக்கிறேன். சுத்தமான கை உள்ளவர்கள் சொல்வது. ஆனால் மாத்திரையை நான் பிடுங்கிவிட்டதாக யாரும் நினைக்க வேண்டாம். தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு "மாத்திர போட்டியாண்ணே?" என்று கேட்பது என் வேலை. அதைக் கேட்பதை நிறுத்தினேன். அவ்வளவுதான் செய்தேன்.

4

ஒரு மாதத்துக்குள் அண்ணன் மாறிவிட்டான். படிக்கட்டில் அவன் குரல் முன்னால் வரும், ஆள் பின்னால் வருவான். பத்தே நாளில் முழு நாடகத்தையும் அவன்தான் கொடுத்தான். சங்குக் காட்சியில் மேனேஜராகவும் தறிக்காரராகவும் சங்காகவும் மாறி மாறி நடித்துக் காட்டினான். என் பென்சிலால் அவனைத் துரத்திப் பிடிக்க முடியவில்லை. எட்டுப் பேரும் தரையில் புரண்டு சிரித்தோம். ஒரு நாள் கட்டிப்போட்ட காட்சிக்கு வந்தான். அம்மா மூக்கால் அழுவாள். "அந்து, அந்து, ஒரு வாய்டா, என் ராசா" என்று அவள் கெஞ்சியதை அப்படியே செய்து காட்டினான். முகத்தைத் துடைத்துக்கொள்வதைச் செய்தான். கலியபெருமாளுக்குச் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது.

"இதுதான்! இதுதான் நாடகம்!" என்று ஞானசேகரன் எழுந்து நின்றார்.

அம்மா வேடத்துக்கு யார் என்று பேச்சு வந்தது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

அடுத்த வாரம் ஒரு பகலில் இரண்டு மீன்காரம்மாக்கள் ரிக்‌ஷாவில் அண்ணனை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். தேங்காய்த்திட்டில் மீன் ஏலம் நடக்கிற இடத்துக்குச் செருப்பில்லாமல் நடந்தே போயிருக்கிறான். இவனும் ஏலம் விட ஆரம்பித்து, கடைசியில் ஒரு கூடைக்குள் ஏறி நின்று தன்னையே ஏலம் விட்டிருக்கிறான். முதலில் சிரித்தார்களாம். பிறகு அவன் காலில் இரத்தத்தைப் பார்த்ததும் தூக்கி உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்திருக்கிறார்கள்.

மூத்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள். "படிச்ச பொண்ணு மாரி இருக்குற. ஒடம்பு சரியில்லாத புள்ளைய இப்டியா உடுவாங்க?"

நாங்கள் நான்கு மாதமாக அந்த மாடியில் 'சமூகம் நோயாளியை எப்படிப் பார்க்கிறது' என்று விவாதித்துக்கொண்டிருந்தோம். அந்த அம்மா விவாதிக்கவில்லை.

ஏழு வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தான். குழு ஒரே ஒருமுறை பார்க்க வந்தது. மறுபடி மாத்திரை தொடங்கியதில் அண்ணனுக்குக் கை நடுங்கிக்கொண்டிருந்தது. கலியபெருமாள் கட்டிலருகே உட்கார்ந்து அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். பாசம் என்று நினைத்து அம்மா அவனுக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்தாள். போகும்போது வராந்தாவில் அவன் கையும் அதே மாதிரி நடுங்குவதைக் கண்டேன். பழகிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

5

அரங்கேற்றத்துக்கு இரண்டு வாரம் இருந்தபோது அண்ணன் மெல்ல மாடியேறி வந்தான். எல்லாரும் எழுந்து கைகொடுத்தார்கள். அவன் உட்காரவில்லை.

"அம்மா வர்ற சீன எடுத்துடுங்க" என்றான்.

"எந்த சீன்?" என்றார் ஞானசேகரன், தெரியாதவர் போல.

"கட்டிப் போட்ட சீன். சங்கு சீன வச்சிக்குங்க. என்ன எம்மாம் வேணா கிண்டல் பண்ணிக்குங்க. அம்மாவ மட்டும் எடுத்துடுங்க. அது வந்து பாக்கும்."

"அந்துவான், அது நீங்க குடுத்ததுதானே?"

"நா நல்லா இல்லாதப்ப குடுத்தேன்பா."

"அப்ப குடுத்ததுதான் உண்மையா இருக்கு" என்றார். இந்த வாக்கியம் அவருக்கே பிடித்துவிட்டது, முகத்தில் தெரிந்தது. "அது இப்ப உங்களுது இல்ல, என்னுதும் இல்ல. இது கூட்டுப் படைப்பு. ஒரு ஆள் சொல்லி எடுக்கவும் முடியாது, சேர்க்கவும் முடியாது. கை தூக்கி முடிவு பண்ணுவோம்."

காட்சி இருக்கட்டும் என்பவர்கள் கை தூக்கச் சொன்னார். ஒவ்வொரு கையாக எழுந்தது.

ஆறு மாதம் நான் திரைக்குப் பின்னால் குந்தி, மற்றவர்கள் மறந்த வரிகளை முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். அந்த ஒரு காட்சியில்தான் எனக்கு முகம் உண்டு. அம்மாவை எடுத்தால் என்னையும் எடுத்த மாதிரி. இது நியாயம் இல்லை, காரணம் மட்டும்தான்.

நானும் கை தூக்கினேன்.

அண்ணன் மற்றவர்கள் கைகளைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தான். "சரி" என்றான். செருப்பை மாட்டிக்கொண்டு கீழே இறங்கிப் போனான்.

6

அரங்கேற்றத்தன்று கோயிலுக்குக் கட்டுகிற புடவையைக் கட்டிக்கொண்டு அம்மா கிளம்பினாள். அண்ணன் போகவேண்டாம் என்றான். "எம்பொண்ணு மொத மொத நடிக்கிறா. நா போவாம யாரு போவா?" என்று பக்கத்து வீட்டு இரண்டு பெண்களையும் கூட்டிக்கொண்டு, பள்ளிக்கூட மண்டபத்தில் முன் வரிசையில் போய் உட்கார்ந்தாள்.

சங்குக் காட்சிக்கு மில்காரர்கள் விசிலடித்தார்கள். பிறகு கலியபெருமாளைப் பெஞ்சில் கட்டினார்கள். நான் கிண்ணமும் கரண்டியுமாக வந்து உட்கார்ந்தேன். என் தலையில் மாவு தடவி நரை வைத்திருந்தார்கள். "அந்து, அந்து, ஒரு வாய்டா, என் ராசா" என்று மூக்கால் அழுதேன். அவன் துப்பினான். மண்டபம் சிரித்தது. நான் முந்தானையால் துடைத்தேன். இன்னும் பெரிதாகச் சிரித்தது. விளக்கு வெளிச்சத்தில் முன் வரிசை எனக்குத் தெரியவில்லை என்று பல வருடம் எல்லாரிடமும் சொல்லிவந்தேன். தெரிந்தது. பக்கத்து வீட்டுப் பெண்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அம்மா மடியில் கையைக் கோத்துக்கொண்டு, பூசைக்கு உட்கார்ந்திருப்பது போல உட்கார்ந்திருந்தாள்.

வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டதும் சொன்னாள். "நா கரண்டியால ஊட்டல மேரி. கையாலதான் ஊட்டினேன்."

உள்ளே போய்ப் புடவை மாற்றிக்கொண்டாள்.

இனி எழுதப்போவதைத்தான் நான் யாரிடமும் சொன்னதில்லை. கடலூரிலும் விழுப்புரத்திலும் கேட்டார்கள் என்று அந்த நாடகத்தை மறுபடி போட்டோம். நான் போனேன். அம்மா சொன்னதை ஒரு திருத்தமாக எடுத்துக்கொண்டு, கரண்டியை விட்டுவிட்டுக் கையால் பிசைந்து ஊட்டினேன். காட்சி இன்னும் நன்றாக வந்தது. பத்திரிகையில் 'அம்மாவாக நடித்தவரின் இயல்பான நடிப்பு' என்று ஒரு வரி எழுதினார்கள். அதை வெட்டி வைத்துக்கொண்டேன்.

ஞானசேகரனை நான் எவ்வளவு இளக்காரமாகப் பேசினாலும், அவர் தன் அம்மாவை விற்கவில்லை.

7

அடுத்த வருடம் எனக்குக் கல்யாணமாகி இங்கே வந்தேன். அம்மா போய்ச் சேர்ந்த பிறகு அண்ணனையும் வரவழைத்தேன். அப்பா விட்டுப்போன நேஷனாலிட்டியால் உள்ளே நுழைந்துவிட்டான். ஒரு பெரிய சலவைக் கூடத்தில் துணி மடிக்கிறான். மாத்திரையைத் தானே போட்டுக்கொள்கிறான். நான் கேட்பதில்லை, கேட்கும் உரிமை எனக்கு இல்லை.

இங்கே உள்ள தமிழ்ச் சங்கம் ஒவ்வொரு பொங்கலுக்கும் ஒரு நகைச்சுவை நாடகம் போடும். ஒவ்வொன்றிலும் கிழிந்த சட்டையோடு ஒரு பைத்தியம் வந்து தலையைச் சொறியும். மூவாயிரம் ஃபிராங்க் கோட்டு போட்ட மனிதர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். என் வீட்டுக்காரரும்தான். அண்ணன் கேன்டீன் பக்கம் போய் நின்றுகொள்வான். என் மகள் சில்விக்கு எட்டு வயது. தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் வரும். ஒருமுறை பள்ளி வாசலில் அண்ணனைக் காட்டி, "அவர் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர்" என்று தோழியிடம் சொன்னதை என் காதால் கேட்டேன். கண்டிக்க எனக்கு என்ன யோக்கியதை?

ஆகவே அந்த வியாழக்கிழமை, ஆலோசகப் பெண் "எல்லாரும் சேர்ந்தே முடிவு செய்வோம்" என்று மலர்ந்த முகத்தோடு சொன்னபோது, ஜிப்பா இல்லாத ஞானசேகரனைத்தான் நான் பார்த்தேன். சான்றிதழ்களை அடுக்கத் தொடங்கினேன். "வேணாம்ணே. கெளம்பு, போலாம்" என்றேன்.

அண்ணன் எழுந்திருக்கவில்லை. "இரு மேரி. ஒண்ணு கேளு அவங்கள."

"இன்னா கேக்கணும்?"

"ஒரே ஒரு ஆளு இத எடுத்துடுங்கன்னு சொன்னா, எடுத்துடுவாங்களான்னு கேளு."

எனக்குப் பிரெஞ்சு மறந்துபோனது. பத்து வருடமாக இதைப் பற்றி அவன் ஒரு வார்த்தை பேசியதில்லை. இப்போதும் என் முகத்தைப் பார்க்காமல் அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கேளு" என்றான் மறுபடி.

கேட்டேன். அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்தாள். "ஒருவர் வேண்டாம் என்றால் போதும். காரணம்கூடச் சொல்ல வேண்டியதில்லை" என்றாள். நான் அதைத் தமிழில் சொன்னேன். அந்த மாதிரி வார்த்தைகள் எவ்வளவு மலிவாகக் கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். அவளை நான் நம்பவில்லை. அண்ணன் நம்பினானா என்று தெரியாது. "மெர்சி" என்று அவளிடம் சொல்லிவிட்டு, "எம்பேர எழுதிக்கச் சொல்லு" என்றான்.

"நானும் கூட வரட்டாண்ணே? யாராவது பேசினத தமிழ்ல சொல்ல வேணாமா?"

"வேணாம். எனக்குத் தெரிஞ்ச பிரெஞ்சு போதும்."

இப்போது வியாழக்கிழமைதோறும் போகிறான். வந்ததும் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு சில்வியிடம் வார்த்தைகள் கேட்டு எழுதிக்கொள்கிறான். அவள் அவன் உச்சரிப்பைத் திருத்துகிறாள். அவன் ஏதோ சொல்ல, அவள் சிரிப்பது கேட்கிறது. நான் உள்ளே போனால் இருவரும் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். மலருக்கு நான் வாழ்த்துரை அனுப்பவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை துணி மடித்துக்கொண்டிருந்தவனிடம் கேட்டேன். "இன்னா நாடகம்ணே அது?"

"இன்னும் முடியல."

"முடிஞ்சா நா பாக்க வரலாமா?"

கையிலிருந்த சட்டையை ஓரம் சேர்த்து நிதானமாக மடித்து வைத்தான்.

"யோசிச்சி சொல்றேன்" என்றான்.

இன்னும் சொல்லவில்லை.